பனிநாட்டில் வீடு வீடாய்ப் பாட்டு



வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே! இன்று நாம் வெகுதூரம் போய் வரப் போகிறோம். நாம் போகும் நாடு கனடா. ஆனால் இன்று நாம் தெரிந்துகொள்ளப் போவது, அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போன உக்ரேனிய மக்களைப் பற்றி.

உக்ரேன் ஐரோப்பாவின் கிழக்கே உள்ள நாடு. கறுப்பு மண்ணுக்கும் கோதுமைக்கும் பெயர் பெற்றது. அந்த மக்கள் குளிர்காலத்தில் வீடு வீடாகச் சென்று பாடி வாழ்த்துவார்கள். கடல் கடந்து போன பிறகும், 130 ஆண்டுகளுக்கு மேலாக, அந்த வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. அது எப்படி முடிந்தது? அதைக் காப்பாற்ற அவர்கள் என்ன செய்தார்கள்? காப்பாற்ற முடியாமல் போனது எது? இவற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்று பார்ப்போம். உக்ரேனின் மேற்குப் பகுதியான கலீசியா அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. நல்ல நிலமெல்லாம் பெரிய ஜமீன்தார்களிடம். உழவனுக்கு இருந்த துண்டு நிலமோ தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து, ஒரு குடும்பத்தின் வயிறு நிறையாத அளவுக்குச் சிறுத்துப் போனது. கடன் ஏறியது. அந்த நேரத்தில், கனடாவில் 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற செய்தி கிராமங்களுக்கு எட்டியது. 160 ஏக்கர்! அந்தச் சொல்லைக் கேட்ட உழவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் எண்ணிப் பார்க்க முடியும்.

1891-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நெபிலிவ் என்ற கிராமத்தைச் சேர்ந்த இவான் பிலிபிவ், வசில் எலனியாக் என்ற இருவர் கனடாவில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து, 1914-இல் முதல் உலகப் போர் தொடங்குவதற்குள், ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் உக்ரேனியர்கள் வந்துவிட்டார்கள். மனிடோபா, சஸ்காச்சுவான், அல்பர்ட்டா ஆகிய மாநிலங்களின் பரந்த வெளிகளில் குடியேறினார்கள்.

நிலம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது மரமும் புதரும் மண்டிய காட்டு நிலம். பட்டணம் எங்கோ, பக்கத்து வீடு எங்கோ. குளிர்காலத்தில் சூடு பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கிவிடும். முதல் ஆண்டில் வீடு கட்ட மரமும் நேரமும் இல்லாதவர்கள் தரையில் குழி வெட்டி, மேலே கம்புகளை நிறுத்தி, புல்லோடு பெயர்த்த மண் கட்டிகளால் கூரை போட்டு அதற்குள்ளே வாழ்ந்தார்கள். இந்தக் குழிவீட்டுக்குப் 'புர்தேய்' என்று பெயர். ஆண்கள் இரயில் பாதை போடவும் சுரங்கம் வெட்டவும் கூலிக்குப் போய்விடுவார்கள். மனைவியும் குழந்தைகளும் அந்தக் குழிவீட்டில் தனியாகப் பனிக்காலத்தைக் கழித்த குடும்பங்கள் பல.

அந்த இருட்டிலும் குளிரிலும் ஒரு நாள் வந்தது. அதுதான் கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு. அவர்கள் அதைப் 'புனித மாலை' என்பார்கள். அந்த நாளை அவர்கள் எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேளுங்கள்.

மாலை மங்கியதும் குழந்தைகள் வெளியே ஓடி வானத்தைப் பார்ப்பார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. வீட்டுத் தலைவர் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டை உள்ளே கொண்டு வந்து மரியாதையான இடத்தில் நிறுத்தி வைப்பார். அதன் பெயர் 'தீதுக்'. பாட்டன், முன்னோர் என்ற பொருளை ஒட்டி வந்த சொல் அது. முன்னோர்களின் ஆவி அந்தக் கதிரில் வந்து தங்கி, குடும்பத்தோடு விழாவில் கலந்துகொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்புவார்கள். இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தை நினைவூட்ட அது. மேசையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, தட்டு வைப்பார்கள். இறந்து போனவர்களுக்கும், வர முடியாமல் தூரத்தில் இருப்பவர்களுக்கும் உரிய இடம் அது. ஊரில் தாயை விட்டுவிட்டு வந்த ஒருவர் அந்தக் காலித் தட்டைப் பார்க்கும்போது என்ன நினைத்திருப்பார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பன்னிரண்டு வகை உணவு. இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராது. முதலில் பரிமாறுவது 'குத்யா'. கோதுமையை வேகவைத்து, தேனும் அரைத்த கசகசாவும் கலந்து செய்வது. பிறகு பீட்ரூட் சூப்பு, உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, நம் கொழுக்கட்டையைப் போல மடித்து வேகவைத்த பலகாரம், முட்டைக்கோசு இலையில் சோற்றைச் சுருட்டிச் செய்த உணவு, மீன், உலர்ந்த பழங்களைக் கொதிக்கவைத்த பானம் என்று வரிசையாக வரும்.

சாப்பாடு முடிந்ததும் பாட்டு. அதற்குப் பிறகுதான் வாசலில் ஆளரவம் கேட்கும்.

வாசலில் வந்து நிற்பவர்கள் பாடகர் குழுவினர். ஒருவர் கையில் நீளமான கோல். அதன் நுனியில் வண்ணத் தாள்களால் செய்த பெரிய நட்சத்திரம். குழுவுக்கு ஒரு தலைவர் இருப்பார். எந்த வீட்டில் எந்தப் பாட்டு என்பதை முடிவு செய்வது அவர் வேலை. கிடைப்பதையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்ளப் பை தூக்கும் ஆள் ஒருவர். அவர்கள் எடுத்த எடுப்பில் பாடிவிட மாட்டார்கள். 'பாடலாமா?' என்று வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பார்கள். அவர் சரியென்ற பிறகுதான் பாட்டு தொடங்கும். வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டு, வீட்டுக்காரிக்கு ஒன்று, மணமாகாத மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று ஆளுக்கேற்ற பாட்டுகள் உண்டு. முடிவில் ஒருவர் முன்னே வந்து வாழ்த்துரை சொல்வார். நோயில்லாமல் இருக்க வேண்டும், பயிர் விளைய வேண்டும், கன்று காலி பெருக வேண்டும் என்று வாழ்த்துவார். நம் பெரியவர்கள் 'ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவார்கள் அல்லவா? ஏறத்தாழ அதே மனம்தான்.

கிறிஸ்மஸ் காலத்துப் பாட்டுக்குக் 'கொல்யாட்கா' என்றும், புத்தாண்டு மாலையில் பாடும் பாட்டுக்கு 'ஷ்செட்ரிவ்கா' என்றும் பெயர். கீவ் நகரத்து அரசன் கிறிஸ்துவ சமயத்தை ஏற்றது 988-ஆம் ஆண்டில். ஆனால் இந்தப் பாட்டுகளில் சிலவற்றின் வேர் அதற்கும் முந்தியது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சூரியன், சந்திரன், மழை, உழவு, உலகம் தோன்றிய விதம் இவையெல்லாம் அவற்றில் வருகின்றன. பழைய உழவர் பாட்டும் புதிய சமயப் பாட்டும் ஒரே குரலில் கலந்துவிட்டன.

புத்தாண்டு மாலையில் வேடிக்கையும் உண்டு. அன்றைக்கு 'மலங்கா' என்று பெயர். ஓர் இளைஞன் பெண் வேடமிட்டு மலங்காவாக வருவான். இன்னொருவன் ஆட்டுத்தோல் சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, மரத்தால் செய்த ஆட்டுத் தலையை ஆட்டி வருவான். ஆடு துள்ளும், ஆடும், திடீரென்று செத்து விழும். எல்லாரும் 'ஐயோ' என்பார்கள். பிறகு ஆடு எழுந்து மறுபடியும் ஆடும். குழந்தைகளுக்கு அது சிரிப்பு. உழவனுக்கோ அதில் பொருள் இருந்தது. பனியில் செத்தது போலக் கிடக்கும் மண், வசந்தத்தில் மீண்டும் எழும் என்பதே அந்தப் பொருள். மறுநாள் காலையில் சிறுவர்கள் வீடு வீடாகப் போய், வாழ்த்துச் சொல்லிக்கொண்டே தானியத்தை வீட்டுக்குள் தூவுவார்கள்.

நேயர்களே, இந்த வழக்கம் கனடாவில் அப்படியே தொடர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சோதனைகள் வந்தன.

முதல் உலகப் போர் தொடங்கியதும், ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்கள் என்ற காரணத்தால் இவர்கள் எதிரி நாட்டார் ஆனார்கள். அந்தப் பேரரசின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கே இந்தப் பெயர்! 1914 முதல் 1920 வரை கனடாவில் 8 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உக்ரேனியர். பலர் மலைப்பகுதிகளில் சாலை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தத் தவற்றைக் கனடா நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒப்புக்கொள்ள 2005-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த அடி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. மனிடோபாவில் ஆங்கிலத்தோடு தாய்மொழியும் சேர்த்துக் கற்பித்த இருமொழிப் பள்ளிகள் 1916-இல் நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் பகலில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். தாய்மொழிக்கு மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் ஊர் மண்டபமும் கோயிலும்தான் கதி.

இங்கேதான் வீடு வீடாய்ப் பாடும் வழக்கம் ஒரு புதிய வேலையைச் செய்தது. பாடிச் சேர்த்த காசு பொது நன்மைக்குப் போனது. கோயில் கட்ட, ஊர் மண்டபத்துக்கு, வாசகசாலைக்கு, தாய்மொழி வகுப்புக்கு, தூரத்து ஊர்களிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் தங்கும் விடுதிக்கு என்று அந்தக் காசு பிரிந்தது. வசதியானவர் ஒரு டாலர் போட்டார். இல்லாதவர் சில காசு போட்டார். பை தூக்கிய பையன் பிறகு அந்த வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டான். பாட்டு பள்ளியை வளர்த்தது, பள்ளி பாட்டை வளர்த்தது.

பாடுவதற்கும் நேரம் வேண்டும் அல்லவா? உக்ரேனியத் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றின. அது நாம் பயன்படுத்தும் நாள்காட்டிக்கு 13 நாள் பின்னால் நடப்பது. ஆகவே அவர்களுடைய கிறிஸ்மஸ் ஜனவரி 7-இல் வந்தது. கனடாவில் அது பொது விடுமுறை நாள் அன்று. ஊரெல்லாம் விழா முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு இவர்களுக்கு விழா வரும். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர் அன்று வேலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கூலியை நம்பி வாழ்பவருக்கு அது சிறிய தொகை ஆகாது. அப்படியிருந்தும் இரவில் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாடப் போனார்கள்.

இனி ஒரு பாட்டின் பயணத்தைச் சொல்கிறோம். மிக்கோலா லியோந்தோவிச் என்பவர் ஓர் இசையாசிரியர். பழைய புத்தாண்டுப் பாட்டின் மெட்டு ஒன்றை எடுத்துப் பல குரல்கள் சேர்ந்து பாடும்படி அமைத்தார். அதன் பெயர் 'ஷ்செட்ரிக்'. ஒரு சிட்டுப்போன்ற தகைவிலான் குருவி வீட்டுக்குப் பறந்து வந்து, தொழுவத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கின்றன, செல்வம் வந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதாக அமைந்த பாட்டு. பனிக்காலத்தில் தகைவிலான் ஏது? ஒரு காலத்தில் புத்தாண்டு வசந்தத்தில் வந்ததற்கு இது ஓர் அடையாளம் என்பார்கள். 1916 டிசம்பரில் கீவ் நகரில் மாணவர் பாடகர் குழு இதை முதன்முதலில் பாடியது. 1919-இல், புதிதாகப் பிறந்த உக்ரேனியக் குடியரசு தன் பெயரை உலகுக்குத் தெரிவிக்க ஒரு பாடகர் குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. குழுவின் தலைவர் ஒலெக்சாண்டர் கோஷெட்ஸ். அவர்கள் ஐரோப்பாவில் பாடிக்கொண்டிருந்தபோதே அந்தக் குடியரசு வீழ்ந்தது. 1921 ஜனவரியில் லியோந்தோவிச் தம் தந்தையின் வீட்டில் இருந்தபோது, சோவியத் இரகசியப் போலீசைச் சேர்ந்த ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. 1922 அக்டோபரில் நியூயார்க் நகரின் கார்னெகி மண்டபத்தில் அந்தப் பாட்டு ஒலித்தது. 1936-இல் பீட்டர் வில்ஹவுஸ்கி என்பவர் அந்த மெட்டுக்கு மணிகளைப் பற்றிய ஆங்கிலச் சொற்களை எழுதினார். இன்று கிறிஸ்மஸ் காலத்தில் உலகெங்கும் கடைகளிலும் படங்களிலும் அந்த மெட்டைக் கேட்கலாம். அது உக்ரேனியப் பாட்டு என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது. குழுத்தலைவர் கோஷெட்ஸ் மீண்டும் தாய்நாட்டுக்குப் போக முடியவில்லை. கடைசி ஆண்டுகளில் கனடாவின் வின்னிபெக் நகரில், அங்கே பிறந்த உக்ரேனிய இளைஞர்களுக்குக் கோடைக்கால வகுப்பில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1944-இல் அந்த நகரிலேயே இறந்தார்.

தாய்நாட்டில் என்ன நடந்தது? சோவியத் ஆட்சியில் கிறிஸ்மஸ் விழா ஒதுக்கப்பட்டது. சமயச் சொற்கள் உள்ள பாட்டுகளைத் தடுத்தார்கள். சிலவற்றின் சொற்களை மாற்றினார்கள். 1972 புத்தாண்டுக் காலத்தில் லிவீவ் நகரில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து பழைய முறைப்படி வேடமிட்டு வீடு வீடாகப் பாடினார்கள். சில நாட்களிலேயே, ஜனவரி 12 முதல், கைதுகள் தொடங்கின. அந்தப் பாடகர்களில் வசில் ஸ்தூஸ் என்ற கவிஞரும், வியாசெஸ்லாவ் சோர்னோவில், இரினா கலினெட்ஸ் போன்றோரும் சிறைப்பட்டார்கள். பாட்டு மட்டுமே அவர்கள் மீது சுமத்திய குற்றம் என்று சொல்ல முடியாது. அவர்கள் எழுதியவையும் குற்றமாக எண்ணப்பட்டன. ஸ்தூஸ் 1985-இல் சிறை முகாமிலேயே உயிர் விட்டார்.

ஆகவே அந்த ஆண்டுகளில், தாய்நாட்டில் வாய் திறந்து பாட முடியாத பாட்டைக் கனடாவில் இருந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கனடாவிலும் நிலைமை மாறத் தொடங்கியது. 1971-இல் பல பண்பாட்டுக் கொள்கையை அரசு அறிவித்தது. 1974-இல் எட்மண்டன் நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம்-உக்ரேனியம் இருமொழி வகுப்புகள் தொடங்கின.

இவ்வளவு சொன்ன நாம், கசப்பான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 12 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தங்களை உக்ரேனிய வழியினர் என்று கூறிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களில் உக்ரேனியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பாட்டைப் பாடும் பேரப்பிள்ளைக்கு அதன் பொருள் தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுபவர்களும் உண்டு. தடை போட்ட நாட்டில் மொழி வாழ்ந்தது. தடை நீங்கிய நாட்டில் அது வீட்டுக்குள்ளிருந்தே மெல்ல நழுவியது. யாரும் பிடுங்கவில்லை. தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் மொழி மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் பாட்டு மட்டும் மிஞ்சியதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருந்தது என்பதை அண்மைக் காலம் காட்டியது. 2022-இல் உக்ரேன் மீது ரஷ்யா பெரும் போர் தொடுத்த பிறகு, ஏறத்தாழ 3 லட்சம் பேர் புகலிடம் தேடிக் கனடாவுக்கு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஊர்களில் ஒரு மண்டபம் இருந்தது, பாடகர் குழு இருந்தது. பொருள் தெரியாமல் பாடிய பிள்ளைக்குப் பொருள் சொல்ல, புதிதாக வந்தவர்கள் இருந்தார்கள். பாடிச் சேர்த்த காசு இப்போது போரில் துன்பப்படுபவர்களுக்குப் போகிறது.

கருத்து வேற்றுமையும் வந்தது. 2023-இல் உக்ரேன் கிறிஸ்மஸ் விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாற்றியது. ரஷ்யத் திருச்சபையின் நாள்காட்டி இனி நமக்கு வேண்டாம் என்பது அங்குள்ளவர்கள் எண்ணம். கனடாவில் உள்ள முதியவர்கள் சிலரோ, 'கூலியை இழந்து எங்கள் தாத்தா காத்த ஜனவரி 7-ஐ நாங்கள் எப்படி விடுவது?' என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சில குடும்பங்கள் இரண்டு நாளும் மேசையில் குத்யாவை வைக்கின்றன.

நேயர்களே, இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. அந்த வழக்கத்தில் எல்லா வயதினருக்கும் ஒரு வேலை இருந்தது. சின்னப் பிள்ளை நட்சத்திரம் தூக்கியது. இளைஞன் ஆட்டு வேடம் போட்டான். பெரியவர் பாட்டைத் தொடங்கி வைத்தார். பாட்டி சமைத்தாள், சமைக்கும்போதே பேத்திக்கு அளவு சொன்னாள். வேடிக்கை பார்க்க மட்டும் பிள்ளையைக் கூப்பிட்டால் அது சிறிது நேரத்தில் போய்விடும். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அது நிற்கும். அடுத்த ஆண்டும் வரும்.

பாட்டோடு நின்றுவிடாமல், அதன் சொல்லுக்குப் பொருளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டார்கள். நாம் அதைக் காலத்தோடு கற்றுக்கொள்ளலாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டில் பாட்டி இருந்தால் அவரைக் கேளுங்கள். 'பாட்டி, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாடிய ஒரு பாட்டைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அவர் பாடி முடித்த பிறகு, புரியாத சொல் ஒன்றுக்குப் பொருளும் கேட்டுக்கொள்ளுங்கள்.